ஏடு திரட்டிய கர்னல்

கர்னல் காலின் மெக்கன்சிக்குத் தமிழ் ஏட்டையோ தெலுங்கு ஏட்டையோ தாமே படித்தறியும் புலமை இல்லை. ஆயினும் தென்னாட்டு ஊர்களின் வரலாற்றை அவரளவு திரட்டிவைத்தவர் அக்காலத்தில் வேறெவருமிலர். இம்முரணை மனத்திற் கொண்டே அவர் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவில் 1754இல் பிறந்தவர். சுங்க அலுவலராயிருந்து, 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பணி ஏற்றுச் சென்னை வந்தார். மடக்கைக் கணிதம் கண்ட ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பிய ஒரு பிரபுவின் பொருட்டு இந்துக்களின் கணிதம் பற்றிய செய்திகளைத் தேடிய தொடர்பே, மதுரையில் பண்டிதர்களோடு பழகும் வாய்ப்பை அவருக்குத் தந்தது. அதன்பின் பல்லாண்டுகள் போரிலும் நில அளவையிலும் கழிந்தன.

1796ஆம் ஆண்டளவில் காவலி வெங்கட போரய்யா என்னும் தெலுங்கு இளைஞர் வந்து சேர்ந்தபோதுதான் மெக்கன்சிக்குக் கண் திறந்தது எனலாம். பன்மொழி அறிந்த போரய்யா 1803இல் இளமையிலேயே மறைந்தார். தம்பி லட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார். நாராயண ராவ், அப்பாவு முதலிய உதவியாளர்கள் ஊர் ஊராய் நடந்தனர். கோயிற்சுவர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். கணக்கர் வீட்டுப் பழஞ்சுவடிகளைக் கேட்டு வாங்கினர். முதியோர் வாய்மொழியை எழுதிக்கொண்டனர். கம்பெனியின் ஆள் ஏட்டைக் கேட்டால் வரி விதிக்கத்தானோ என்று ஊரார் ஐயுற்றதும் உண்டு. அந்த ஐயத்தைத் தவறென்று சொல்வதற்கில்லை.

அமராவதியின் பௌத்தத் தூபியை அவர் முதலில் கண்டபோதே கல் எடுப்பதற்காக மேட்டைத் தோண்டத் தொடங்கியிருந்தனர். 1816இல் மீண்டும் சென்று பார்க்கையில் மேட்டின் நடுவே குளம் வெட்டப்பட்டிருந்தது. எஞ்சிய சிற்பங்களை வரையச் செய்தார். பின்னர் காணாமற்போன கற்கள் சில இன்று அந்த ஓவியங்களில் மட்டுமே உள்ளன.

1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். தம் தொகுப்போடு கல்கத்தா சென்றவர், அதனை முறைப்படுத்தி முடிக்குமுன்னரே 8.5.1821 அன்று காலமானார். சுவடிகள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218, ஓவியங்கள் 2,630. அவர் மனைவியிடமிருந்து அரசு இவற்றைப் பத்தாயிரம் பவுனுக்கு வாங்கியது. 1828இல் பட்டியல் வெளியிட்ட வில்சனோ வடமொழி வல்லுநர், தென்மொழிகள் அறியார். தொகுப்பின் ஒரு பகுதி இலண்டன் சென்றது. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி, பின்னர் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைச் சேர்ந்தன.

விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர லட்சுமய்யா விண்ணப்பித்தார். அத்தொகுப்பை அவரினும் அறிந்தவர் அன்று உயிரோடில்லை. இத்தகைய ஆய்வை நடத்தும் தகுதி அவருக்கில்லையென்று 1836இல் வங்காள ஆசியக் கழகம் மறுத்துவிட்டது.

தாமஸ் ஹிக்கி 1816இல் தீட்டிய ஓவியத்தில் செந்நிறச் சீருடையில் மெக்கன்சி நிற்கிறார். உடன் மூன்று இந்தியர். அவருள் ஒருவர் கையில் ஓலைச்சுவடி. அம்மூவர் பெயரும் ஊகத்தாலேயே சொல்லப்படுகின்றன.