ஜார்ஜ் ஜோசப்

ஜார்ஜ் ஜோசப் (சூன் 5, 1887 - மார்ச் 5, 1938) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், இதழாசிரியர். மதுரையைத் தமது களமாகக் கொண்டு, குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக வாதாடியவர். பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் இவரை ரோசாப்பூ துரை என அன்புடன் அழைத்தனர்.

பிறப்பும் கல்வியும்

திருவிதாங்கூர் சமத்தானத்தின் செங்கன்னூரில் பிறந்தார். புகழ்பெற்ற இதழாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் பயின்றார். இலண்டனில் சட்டம் கற்று 1909-இல் நாடு திரும்பி, சிறிது காலத்தில் மதுரையில் குடியேறினார்.

குற்றப் பரம்பரைச் சட்டம்

1871-இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒருவர் செய்த செயலை நோக்காமல், அவர் பிறந்த சமூகத்தை வைத்தே அவரைக் குற்றவாளியாகக் கருதியது. கைரேகை பதிவதும், ஊரைவிட்டு வெளியே செல்ல இராதாரிச் சீட்டுப் பெறுவதும், இரவில் காவலர் கண்காணிப்பில் தங்குவதும் கட்டாயமாயின. கள்ளக்குறிச்சி அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலும் அசீசு நகரில் இச்சட்டத்தின்கீழ் ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டிருந்தது.

1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோருக்காக ஜோசப் நீதிமன்றத்தில் வாதாடினார். சட்டத்தின் கொடுமையை இதழ்களிலும் எழுதினார்.

அரசியல் வாழ்வு

1918-இல் மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் இதழின் ஆசிரியராக இருந்தபோது 1921 திசம்பரில் கைதானார். விடுதலையான பின், காந்தி சிறையிலிருந்த 1923-இல் யங் இந்தியா இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1924-இல் வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். அதனை இந்துக்களே நடத்த வேண்டும் என்பது காந்தியின் கருத்து. பொதுச் சாலையில் நடப்பது குடிமக்கள் அனைவரின் உரிமை என்பது ஜோசப்பின் நிலைப்பாடு. இக்கருத்து வேறுபாடு அவர் காங்கிரசிலிருந்து விலகிச் செல்லக் காரணங்களுள் ஒன்றானது. பின்னர் மீண்டும் காங்கிரசில் இணைந்து, 1937-இல் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறைவும் நினைவும்

1938-இல் தமது 50-ஆம் வயதில் மதுரையில் காலமானார். தாம் எதிர்த்த சட்டம் நீங்கியதை அவர் காணவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அது நீக்கப்பட்டது. மதுரை யானைக்கல் பகுதியில் இவருக்குச் சிலை உள்ளது. அந்நகரிலுள்ள இவரது கல்லறையில் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் அஞ்சலி செலுத்தி வருகின்றனர்.