அயலவரிடம் பாடம் கேட்ட அம்மையார்

ஊருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இளமையில் எல்லோருக்கும் எழுவதே. எங்கே தொடங்குவது, எதைக் கற்பிப்பது என்னும் கேள்விகள் வந்தவுடன் அவ்வெண்ணம் பெரும்பாலும் வாடிவிடுகிறது. பெருநகரொன்றின் ஏழைத் தெருவிலே குடியேறி, இறுதிக்காலம் வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு, அக்கேள்விகளுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஜேன் அடம்ஸ் அம்மையார். அவர் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

அம்மையார் 1860ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலுள்ள சீடர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஆலைச் சொந்தக்காரர். மாநிலச் சட்டசபையின் மேற்சபை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனோடு பழகியவர். இரண்டு வயதிலே தாயை இழந்த குழந்தைக்குச் சிறு பராயத்திலே முதுகெலும்பில் நோய் கண்டது. 1881இல் கல்லூரிப் படிப்பு முடிந்தது. அதே ஆண்டில் தந்தையாரும் காலமானார். வைத்தியம் கற்கப் போனார்; உடல் இடங்கொடுக்கவில்லை. கையிற் பணமும் தலையிற் படிப்பும் இருந்தும், செய்வதற்கொரு வேலையின்றிப் பல ஆண்டுகள் மனம் வருந்தினார்.

உடல் தேறுவதற்காக ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபோது, இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு அவர் கண்ட காட்சி மறக்க முடியாததாயிற்று. விற்றுத் தீராது கெட்டுப்போன காய்கறிகளை வண்டியில் வைத்து ஏலங் கூறினர். அவற்றை வாங்குவதற்காக இருளிலே உயர்ந்த கைகள், உழைத்துத் தேய்ந்த வெறுங்கைகள், நெடுங்காலம் அவர் கண்முன் நின்றன. 1888இல் மீண்டும் இலண்டன் சென்றவர், படித்த வாலிபர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து கல்வித்தொண்டு புரிந்த ரொயின்பி மண்டபத்தைப் பார்த்தார். தம் வழி இன்னதென்று அப்போது தெளிந்தார்.

1889ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி, தோழியார் எலன் கேற்ஸ் ஸ்ரார் அவர்களுடன் சிக்காகோவின் ஹோல்ஸ்ரெட் வீதியில் ஹல் என்பவர் கட்டிய பழைய வீடொன்றிற் குடிபுகுந்தார். சுவாமி விவேகானந்தர் 1893இல் சர்வமத மகாசபையிற் பேசியமையால் நாமெல்லாம் பெயரறிந்த அதே சிக்காகோ நகரந்தான். ஆயின் மகாசபைக்கு வந்தோர் கண்ட நகரம் வேறு, இவ்வீதி வேறு. இத்தாலியர், கிரேக்கர், ஜேர்மானியர், அயர்லாந்தார், ருசியாவிலிருந்து வந்த யூதர் எனப் பல நாட்டு ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது.

இலக்கிய வாசிப்பும் ஓவியமும் கொண்டு தோழியர் இருவரும் தொடங்கினர். அயலவரோ வேறு உதவிகளைக் கேட்டு வந்தனர். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும்; நோயாளியைப் பார்க்க வேண்டும்; தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைக் கவனிக்க ஆள் வேண்டும். அம்மையார் எதையும் மறுக்கவில்லை. பாலர் பாடசாலையும் குழந்தைக் காப்பகமும் எழுந்தன. தையல், சமையல், தச்சுவேலை, புத்தகங் கட்டுதல், ஆங்கிலம் என மாலை வகுப்புகள் பெருகின. இரண்டாம் ஆண்டளவில் கிழமைக்கு 2,000 பேர் வந்து போயினர்.

தவறுகளும் நேர்ந்தன. மலிவான சத்துணவை முறைப்படி சமைத்து விற்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தனர். எதிர்பார்த்தபடி அயலவர் வாங்கவில்லை. சத்து எவ்வளவு இருந்தாலும், தத்தம் நாட்டுச் சுவைக்குப் பழகிய நாவுக்கு அது பிடிக்கவில்லை. பிறருக்கு எது நல்லது என்பதை அவரைக் கேளாமலே தீர்மானித்ததன் பலன் இதுவென அம்மையார் உணர்ந்தார். அதனைத் தம் நூலிலும் மறைக்காது எழுதினார்.

முதல் நத்தார் விழாவிலே சிறுமியருக்கு இனிப்பு வழங்கியபோது சிலர் வாங்க மறுத்தனர். விசாரித்ததில், அவர்கள் இனிப்புத் தொழிற்சாலையில் ஆறு கிழமைகளாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை செய்தவர்கள் என்பது தெரிந்தது. இனிப்பைக் கண்டாலே அவர்களுக்கு வெறுப்பாயிருந்தது. அக்குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி என்ன பயன்? ஹல் இல்லத்தவரான புளோரன்ஸ் கெலி அம்மையார் முதலியோர் இடையறாது முயன்றதால், 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாதெனும் சட்டம் 1893இல் இல்லினோய் மாநிலத்தில் நிறைவேறியது. வீதிக் குப்பையால் நோய் பரவுவதைக் கண்ட ஜேன் அடம்ஸ், 1895இல் அவ்வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகர் பதவியையே ஏற்றார். அதிகாலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்று மேற்பார்வை செய்தார்.

அவர் செய்தவற்றுள் நாம் சிறப்பாக நினைக்கத்தக்கது இன்னொன்று. குடியேறியோரின் பிள்ளைகள் ஆங்கிலங் கற்று, ஆலையிற் சம்பளம் பெற்று, தாய் தந்தையரின் உடையையும் பேச்சையும் கண்டு நாணினர். பெற்றோரோ தம் கைத்தொழிலுக்குப் புதிய நாட்டில் மதிப்பில்லாது மனமொடிந்திருந்தனர். ஒரு நாள் வீதியிலே முதிய இத்தாலிய மாது ஒருத்தி கைக்கதிரால் நூல் நூற்பதை அம்மையார் கண்டார். பிள்ளைகள் வேலை பார்க்கும் ஆலை இயந்திரத்துக்கு மூதாதை அந்தக் கதிரல்லவா? இதனை இரு தலைமுறையினரும் ஒருங்கே காண வேண்டுமென்று 1900இல் தொழில் நூதனசாலை ஒன்றை அமைத்தார். பல நாட்டு மூதாட்டியர் அங்கே அமர்ந்து நூற்றுக் காட்டினர், நெய்து காட்டினர். மாணவராயிருந்த முதியோர் அந்த மண்டபத்தில் ஆசிரியராயினர்.

இத்தாலியப் பெண்ணொருத்தி அங்கே சமையல் வகுப்புக்கு வருவாள். அதே மாலையில் அவள் தாய் நூதனசாலையில் நூற்க வருவாள். தலைத்துணியும் முரட்டுச் சப்பாத்துமாக வரும் தாயோடு தன்னைச் சேர்த்துக் காண்பரே என்று அஞ்சி, மகள் வேறு வாயிலாலேயே நுழைவாள். ஒரு நாள் கல்வியறிந்தோர் பலர் தாயைச் சூழ்ந்து நின்று அவள் திறமையை வியந்து பேசுவதைக் கண்டாள். கைக்கதிரில் நூற்பதில் தன் தாய்க்கு நிகரானவர் அந்நாட்டிலேயே இல்லையென்று அவர்கள் கருதியதை அறிந்து, அது மெய்யோவென அம்மையாரை வினவினாள். தாய் பிறந்த கிராமத்தையும், அங்கே பெண்கள் கூடி நூற்ற வாழ்வையும், அதை விட்டுவந்த துயரத்தையும் அம்மையார் எடுத்துக் கூறினார். அதன்பின் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த தாயின் கைநெசவு ஆடைகளை வெளியே எடுக்க மகள் இசைந்தாள். தாய் நுழையும் வாயிலாலேயே தானும் நுழையலானாள்.

1907ஆம் ஆண்டளவில் ஹல் இல்லம் 13 கட்டடங்களாக விரிந்திருந்தது. முதலாம் உலகப் போரை எதிர்த்தமையால் நாட்டவர் பலர் அம்மையாரைத் தூற்றினர். அவர் கொள்கை மாறவில்லை. 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மரே பட்லருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1935 மே 21ஆந் திகதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1960களிற் பல்கலைக்கழகத்துக்காக ஹல் இல்லத்தின் கட்டடங்களுட் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. பழைய வீடும் உணவு மண்டபமும் நினைவுச் சாலையாக எஞ்சின. அவர் தொடங்கிய தொண்டுச் சங்கமும் 2012இல் மூடப்பட்டது.

கட்டடம் அழியலாம், சங்கமும் மூடப்படலாம். ஆனால் அந்த மகள் வாயில் மாறி நுழைந்த மாலைப்பொழுது அழியாதது. தெருவிலே வகுப்பு நடத்தப் புறப்படும் இளைஞர்கள், முதலில் அத்தெருவின் முதியோர் கைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்டறிவார்களாக. முதியோரும் தாம் அறிந்த தொழிலைத் தயங்காது காட்டுவார்களாக. இரு சாராரும் ஒரே வாயிலால் நுழையும் நாளிலேதான் கல்வி நிறைவுறும்.