மலாயா ரப்பர் தோட்டமும் காரைக்குடி ஆய்வுக்கூடமும்: வள்ளல் அழகப்பரின் கதை

சிரம்பான் – நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் பலருக்கு ஜெனரேட்டர் சத்தம் மறந்திருக்காது. மாலையில் ஓடத் தொடங்கும். இரவில் அது நின்றதும் லயமே இருண்டுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான்.

அப்படிச் சத்தமும் புகையும் இல்லாமல் மின்சாரம் தருவது எரிபொருள் மின்கலம். அதை ஆராயும் கூடம் ஒன்று தமிழ்நாட்டின் காரைக்குடியில் உள்ளது. அது அங்கு அமையக் காரணமானவர் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6ஆம் தேதி செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றார். கேரளாவில் துணி ஆலை, பர்மாவில் ஈயச் சுரங்கம், மலாயாவில் ரப்பர் என அவரது தொழில் விரிந்தது.

1947இல் சென்னைக் கூட்டமொன்றில், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அங்கேயே ஒப்புக்கொண்ட அழகப்பர், அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்.

மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்திற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். 2019இல் இந்தியாவில் அறிமுகமான 5 கிலோவாட் எரிபொருள் மின்கலத்தின் உருவாக்கத்தில் இக்கூடத்திற்கும் பங்குண்டு.

இத்தகைய கலத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. ஆனால் அதை அப்படியே வீட்டு விளக்குக்குக் கொடுக்க முடியாது. ஒரு கலம் தருவது சுமார் 0.7 வோல்ட். 70 கலங்களை அடுக்கினாலும் 49 வோல்ட்தான், அதுவும் நேர்மின்சாரம். மின்விசிறி, குளிர்பெட்டி என்று பயன்பாடு கூடக் கூட அந்த அளவும் இறங்கும்.

இங்கேதான் மின்மாற்றிச் சுற்று தேவைப்படுகிறது. அது முதலில் மின்னழுத்தத்தை 350 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி நிலைப்படுத்தும். பிறகு அதை நம் வீடுகளில் ஓடும் 240 வோல்ட் மாறுமின்சாரமாக்கும். இந்த இரண்டு படிகளிலும் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. 100 வாட்டில் 10 வாட் வீணானால், விலை கொடுத்து வாங்கிய ஹைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். அந்த இழப்பைக் குறைப்பதே வடிவமைப்பாளரின் வேலை.

இந்த வளர்ச்சியை அழகப்பர் பார்க்கவில்லை. பத்ம பூஷண் விருது பெற்ற மறு ஆண்டே, 1957 ஏப்ரல் 5இல், 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் காலமானார்.

அவர் ஈட்டிய செல்வத்தில் மலாயாவில் பால்மரம் சீவியவர்களின் உழைப்பும் சேர்ந்திருந்தது. அன்று தோட்டப் பிள்ளைகள் பலரின் படிப்பு தோட்டப் பள்ளியோடு நின்றது. இன்று நெகிரி தோட்டக் குடும்பங்களிலிருந்து மின்பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகள், இந்தத் துறையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.