டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில்

முகவுரை

துன்பம் நீங்கப்பெற்றோர் பலர், அது நீங்கிய அன்றே அதனை மறந்துவிடுவர். தமக்குற்ற குறை தீர்ந்த பின்னரும், அத்தகைய குறையால் வருந்தும் பிறரை வாழ்நாள் முழுதும் நினைந்து உழைப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆங்கில நாட்டு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் என்பார். அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத யான் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாதவரத்தில் எம் இல்லத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சிறுவன் உளன். ஏழாண்டு நிரம்பியும் அவன் நடந்திலன். எழுப்பி நிறுத்தினால் அவன் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். கைகள் விறைத்து மடங்கும். சொல்லக் கருதியதைச் சொல்ல நா எழாது. ஆயினும் காலையில் பால் கொணர்வார் வரும் ஓசை தெருமுனையில் கேட்டவுடனே, வருபவர் இன்னார் என அறிந்து நகைப்பான். அவன் கருவில் இருந்தபொழுது தாய் கிரகணத்தைக் கண்டுவிட்டாள் என்பர் சிலர்; முன்வினைப் பயன் என்பர் வேறு சிலர். அத்தாயோ யாதொன்றும் மறுமொழி கூறாது, மகன் வாயினின்று வழியும் நீரைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அச்சிறுவனுக்கு உற்றது மூளை முடக்குவாதம். அது கிரகணத்தால் வருவதன்று என்பதையும், பிறப்பை ஒட்டிய காலத்தில் இளமூளைக்கு நேரும் ஊறே அதற்குக் காரணமாகலாம் என்பதையும் மருத்துவ உலகிற்கு விளங்க எடுத்துக்காட்டியவர் லிட்டில் ஆவார்.

பிறப்பும் இளமையும்

லிட்டில் 1810-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் தோன்றினார். அவர் தந்தையார் ஆல்ட்கேட் என்னுமிடத்தில் ‘ரெட் லயன்’ என்னும் விடுதியை நடத்தி வந்தார். கிழக்கு இலண்டன் தேம்ஸ் நதித் துறைகளை அடுத்த பகுதி. மாலுமிகளும், மூட்டை சுமப்போரும், பிழைப்புத் தேடி வந்தேறியோரும் நெருங்கி வாழ்ந்த இடம். நம் இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் அறிந்தோர்க்கு அதன் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் அவரைப் பற்றியது. உயிர் பிழைத்தாரெனினும் இடக்கால் வலிவிழந்தது. நாளடைவில் குதிகால் மேலே இழுக்கப்பட்டுப் பாதம் உட்புறமாக மடங்கிப்போயிற்று. ஓடி ஆடும் பிள்ளைகளின் நடுவே அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். பிரெஞ்சு நாட்டில் செயின்ட் ஓமர் என்னும் ஊரிலிருந்த கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்று, அந்நாட்டு மொழியில் தேர்ச்சி பெற்றார். பதினாறாம் வயதில் ஒரு மருந்தாளரிடம் பணிபழகுவாராய்ச் சேர்ந்தார். தம் காலுக்கு என்றேனும் ஒரு வழி பிறக்கும் என்னும் ஆசையும் அவரை மருத்துவத் துறைக்கு ஈர்த்தது என்பர். 1828-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையில் மாணவராய் அமர்ந்து, 1832-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவர் சங்கத்தில் உறுப்பினராகும் தகுதி பெற்றார்.

தம் காலுக்கு மருந்து தேடியது

அக்காலத்தில் மடங்கிய பாதத்துக்கு இரும்புச் சட்டமும் தோல்வாரும் அல்லாது வேறு மருந்து இல்லை எனலாம். குதிகாலின் பின்னுள்ள தசைநாணை அறுத்துவிட்டால் பாதம் நேராகும் என்பதைச் சிலர் அறிந்திருந்தனர். பிரெஞ்சு மருத்துவர் டெல்பெக் என்பார் 1816-ஆம் ஆண்டில் அதனைச் செய்தும் பார்த்தார். ஆயின் புண் சீழ்ப்பிடித்தமையால் மீண்டும் அதனைச் செய்யத் துணிந்திலர். நோயாளியை மயக்குதற்கு ஈதர் 1846-ஆம் ஆண்டில்தான் வழக்கிற்கு வந்தது; புண்ணைத் தூய்மை செய்யும் லிஸ்டரின் முறை 1867-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஆகவே காலின் கோணலைப் போக்கப் புகுந்து உயிரையே இழக்கலாம் என்று மூத்த மருத்துவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

இந்நிலையில் ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்னும் மருத்துவர் ஒரு புதுமுறையைக் கையாண்டு வருகிறார் என்னும் செய்தி லிட்டிலின் செவிக்கு எட்டியது. தோலை அகலக் கீறாமல், சிறு துளையின் வழியே மெல்லிய கத்தியைச் செலுத்தி, உள்ளேயே தசைநாணை அறுப்பது அம்முறை. காற்றும் அழுக்கும் படாமையால் புண் விரைவில் ஆறியது. லிட்டில் ஐரோப்பாவின் மருத்துவ நிலையங்கள் பலவற்றைக் கண்டு கற்றபின் ஹானோவர் சென்று, அம்மருத்துவரிடம் தம் காலையே ஒப்புவித்தார். 1836-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறுவை நிகழ்ந்தது. மயக்க மருந்தின்றி அதனைப் பொறுத்துக்கொண்டார். பின்னர்ச் சிறிது சிறிதாகப் பாதம் நிமிர்த்தப்பட்டு நேராயிற்று. இருபத்தைந்து வயதளவும் தம்மோடு வந்த ஊனம் பெரும்பாலும் நீங்க, அவர் உள்ளங்கால் நிலத்தில் படிய நடந்தார்.

குணமடைந்தவுடன் ஊருக்குத் திரும்பி இன்புற்றிருக்க அவர் எண்ணினாரல்லர். தம்மைக் குணப்படுத்திய முறையை ஸ்ட்ரோமேயரிடமே மாணவராய் இருந்து கற்றார். பெர்லின் நகர் சென்று, ஆங்குள்ள நோயாளிகளுக்கு அதனைச் செய்து காட்டினார். கோணற்பாதத்தைக் குறித்து ஆராய்ச்சியுரை எழுதி, 1837-ஆம் ஆண்டில் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இலண்டனுக்கு மீண்டு, அம்முறையை ஆங்கில நாட்டில் முதன்முதலாகக் கையாண்டார். பிற்காலத்தில் தம் மைந்தருள் ஒருவர்க்கு லூயி ஸ்ட்ரோமேயர் லிட்டில் எனப் பெயரிட்டமை அவர்தம் நன்றியறிவுக்குச் சான்றாகும்.

மருத்துவமனை அமைத்தது

அந்நாளில் ஊனமுற்ற குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை இலண்டனில் இல்லை. லிட்டில் செல்வர் பலரை அணுகி முயன்று, 1838-ஆம் ஆண்டில் கோணற்பாதம் முதலிய குறைகளைத் தீர்க்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். ஏழைகளும் ஆங்குச் சிகிச்சை பெற்றனர். 1845-ஆம் ஆண்டில் அது ராயல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. இன்று ஸ்டான்மோர் என்னுமிடத்தில் புகழோடு விளங்கும் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனை அதன் வழிவந்ததே.

கேள்வியை மாற்றியது

லிட்டிலின் வாழ்வில் மிகச் சிறந்த பகுதி இனி வருவதாம். கோணற்கால் பிள்ளைகளை அவர் நாள்தோறும் பார்த்து வந்தார். அவருள் ஒரு சாராரின் கால்கள் தம் கால் போன்றன அல்ல என்பதை அவர் கண்டார். இளம்பிள்ளை வாதம் தண்டுவடத்திலுள்ள நரம்பணுக்களைத் தாக்குவது. அதனால் தசை தளர்ந்து மெலியும். இப்பிள்ளைகளின் தசைகளோ தளர்ந்தில, விறைத்திருந்தன. தொடைகள் நெருங்கிப் பின்னின, முழங்கால்கள் மடங்கின, சிலர்க்குக் கைகளும் நாவும் வசப்படவில்லை. அறிவோ, சிலர்க்குக் குன்றியிருப்பினும், சிலர்க்கு யாதொரு குறையுமின்றி இருந்தது.

தம் காலைக் குணப்படுத்திய கத்தி இப்பிள்ளைகளுக்கும் போதும் என்று எண்ணி அமைவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். ஆயின் தசைநாணை அறுத்தல் இவர்களுக்கு ஓரளவே துணைசெய்யும். விறைப்பின் வேர் காலில் இல்லை, மூளையில் உளது. ஆகவே எதனை அறுப்பது என்று மட்டும் ஆராயாமல், இக்குழந்தை எவ்வாறு பிறந்தது என்று தாய்மாரை வினவலானார். குறைமாதத்தில் பிறந்தது என்றனர் சிலர். பிரசவம் நெடுநேரம் நீண்டது என்றனர் சிலர். பிறந்த குழந்தை நெடுநேரம் மூச்சின்றி நீலம் பாய்ந்து கிடந்தது, பின்னர் வலிப்புக் கண்டது என்றனர் வேறு சிலர். இவ்விடைகளையெல்லாம் அவர் ஆண்டுதோறும் குறித்து வைத்தார்.

1843-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் இதனை ஒருவாறு வெளியிட்டார். பின்னர் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் பிரசவ மருத்துவர் சங்கத்தின்முன், ஏறத்தாழ 200 குழந்தைகளைப் பார்த்த அனுபவத்தைக்கொண்டு தம் முடிபை விரித்துரைத்தார். பிறக்கும்பொழுது இடருற்ற குழந்தை ஒன்று இறக்கும், அன்றேல் முற்றும் பிழைக்கும் என்பதே அதுவரை மருத்துவர் கொண்டிருந்த கருத்து. மூன்றாவது முடிவும் ஒன்று உண்டு என்றார் லிட்டில். உயிர் தங்கும், ஆயின் உறுப்புகள் விறைத்துப்போகும். பிரசவம் பார்த்தவர் தம் பணி முடிந்ததென அகல்வர். நோயோ மாதங்கள் பல கழிந்த பின்னரே தலைகாட்டும். ஆதலால் இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு எவர் கண்ணுக்கும் புலப்படாதிருந்தது. தொடக்கத்தைக் கண்டவரும் முடிவைக் கண்டவரும் வெவ்வேறாயிருந்தமையே அறியாமைக்குக் காரணம். இருவர்க்கும் இடையே பாலமாய் நின்றார் லிட்டில். இந்நோய் பன்னெடுங்காலம் லிட்டில் நோய் என்றே வழங்கப்பட்டது.

பின்வந்தோர் திருத்தியவை

பெரியோர் கூறியவை அனைத்தும் முற்றும் சரி என்று கொள்வது அறிவுடைமை அன்று. அமெரிக்காவில் ஆஸ்லர் என்னும் மருத்துவர் 151 நோயாளிகளை ஆராய்ந்து 1889-ஆம் ஆண்டில் இந்நோய் பற்றி நூல் வெளியிட்டார். மனநூற் புலவராகப் பின்னர் உலகறிந்த ஃப்ராய்டு, 1897-ஆம் ஆண்டில், கடினமான பிரசவம் நோயின் காரணமாக இல்லாமல், கருவிலேயே தொடங்கிய குறையின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்று எழுதினார். 1980-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகள், பிறக்கும்பொழுது மூச்சுத் தடைப்படுதல் இந்நோயின் ஒரு சிறு பங்கிற்கே காரணம் என்று காட்டின. குறைமாதப் பிறப்பு, கருவில் தொற்று, மூளை அமைப்பின் மாறுபாடு, பிறந்தபின் வரும் கடுமையான மஞ்சட் காமாலை எனக் காரணங்கள் பலவாம்.

இவ்வாராய்ச்சியில் நம் சென்னைக்கும் பங்குண்டு. மூச்சின்றிப் பிறந்த குழந்தையின் உடலைச் சில நாள் குளிர்வித்தால் மூளைச் சேதம் குறையும் என்பது மேல்நாடுகளில் நிறுவப்பட்ட முறை. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளிலுள்ள 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதிற் கலந்துகொண்டது. 2021-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. குளிர்விக்கப்பட்டோருள் 100-க்கு 42 பேரும், குளிர்விக்கப்படாதோருள் 100-க்கு 31 பேரும் இறந்தனர். ஓரிடத்தில் நலம் செய்வது மற்றோரிடத்தில் தீங்கு செய்யலாம் என்பதை இது காட்டிற்று. நம் குழந்தைகளை நாமே ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டா.

நோயறியும் முறையும் வளர்ந்துளது. குழந்தை நடக்கும் பருவம் வரும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. கை கால்களை அசைக்கும் பாங்கைக் கூர்ந்து நோக்கியும், காந்த அலைப் படம் எடுத்தும், ஆறு மாதத்துக்குள்ளேயே பலரிடம் இதனைக் கண்டறியலாம் என்று 2017-ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர் கூடி வெளியிட்டனர். இளமூளை வளைந்து கொடுக்கும் காலத்திலேயே பயிற்சி தொடங்கினால் பயன் மிகும். சேதமுற்ற மூளையைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, விறைப்பைத் தளர்த்தும் ஊசி, அறுவை, சக்கர நாற்காலி, எல்லாவற்றினும் மேலாகக் கல்வி ஆகியவற்றால் இப்பிள்ளைகள் வாழ்வில் உயர்கின்றனர். சென்னையில் 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வித்யாசாகர் என்னும் நிலையம் இத்தகையோர்க்குக் கல்வியும் பயிற்சியும் அளித்து வருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயுற்றோரையும் தன்னுள் கொண்டுளது.

இறுதிக் காலம்

லிட்டில் முதுமையில் செவிப்புலன் குன்றவே, 1884-ஆம் ஆண்டில் தொழிலினின்று ஓய்வு பெற்று, கென்ட் மாகாணத்தில் வெஸ்ட் மாலிங் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1894-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் மைந்தருள் எர்னஸ்ட் மூயர்ஹெட் லிட்டில் என்பார் தந்தையின் துறையிலேயே சிறந்து, பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கினார்.

முடிவுரை

லிட்டிலைப் பற்றிய இச்செய்திகளைப் படித்து முடித்தபின், சென்ற விடுமுறையில் யான் அச்சிறுவனின் இல்லம் சென்றேன். அவன் ஏழாந் திங்களிலேயே பிறந்தவன். அதுபோற் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்நோய் வருவதுண்டு என்றும், கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், தாய் செய்த பிழை யாதொன்றும் இதிலில்லை என்றும் எனக்குத் தெரிந்தவரையில் சொன்னேன். அத்தாய் நெடுநேரம் வாளா இருந்தார். பின்னர் உள்ளே சென்று தம் மாமியாரைக் கைப்பற்றி அழைத்து வந்து உட்காரவைத்து, அதனை இன்னும் ஒருமுறை சொல்லுமாறு என்னை வேண்டினார்.

மாணவ நண்பர்காள்! நம்மில் மருத்துவராவோர் சிலரே. ஆயின் கேட்டறிந்த உண்மையை அடுத்த தெருவுக்குக் கொண்டுசெல்ல எவர்க்கும் பட்டம் வேண்டுவதில்லை. தாய்மாரைக் குறை கூறாது, அவர் சொல்லியதைப் பொறுமையுடன் கேட்டமையாலன்றோ லிட்டில் தாம் கண்ட உண்மையைக் கண்டார்! நாமும் அவ்வழி நிற்போமாக.