வெளியே தெரியாத காயம்

1904-05 ரஷ்ய-யப்பானியப் போரில் தலையில் சூடுபட்டுத் தப்பிய படையினர் பலருக்குக் கண்ணில் காயமில்லை. ஆனால் பார்வையில் ஒரு பகுதி இல்லை. ஓய்வூதியத்துக்காக அந்த இழப்பை மதிப்பிட்டவர் யப்பானியக் கண் வைத்தியர் தட்சுஜி இனோயே.

சன்னம் மண்டையோட்டில் நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் கருவியொன்றால் அளந்து, மூளைக்குள் அது சென்ற பாதையைக் கணித்தார். 29 பேரின் விபரங்களை 1909இல் ஜேர்மன் மொழியில் நூலாக்கினார். முகத்தை அடையாளங்காணவும் எழுத்தை வாசிக்கவும் உதவும் மையப்பார்வை மூளையின் பின்முனையில் பதிகிறது, ஓரப்பார்வையைவிட அதற்கே அங்கு அதிக இடம் என்று காட்டினார்.

1976இல் மறைந்தார். கண் நன்றாயிருக்கிறதே என்று எவரையும் திருப்பி அனுப்ப முடியாதபடி, தெரியாத காயத்துக்கும் அவர் ஆதாரம் தந்தார். நான் அவரை நினைப்பது அதற்காகவே.