இரத்தக் கொழுப்பை அளக்க வழிவகுத்த விஞ்ஞானி எல்லாபிரகட சுப்பாராவ்

புதுதில்லி, ஜன. 12: இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸையும், அதன் வழியே பாஸ்போலிப்பிட் எனும் கொழுப்பு வகையையும் அளந்தறிய உதவிய ஆய்வு முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான எல்லாபிரகட சுப்பாராவின் பிறந்த நாள் இன்று. யானைக்கால் நோய், இரத்தசோகை, இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ள அவர், வாழ்ந்த காலத்தில் பரவலாக அறியப்படாதவராகவே இருந்தார்.

அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். இளமையிலேயே வறுமையையும் உறவினர்களின் இழப்பையும் சந்தித்த அவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாவது முயற்சியில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார்.

அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, கதரால் ஆன அறுவை சிகிச்சை உடையை அவர் அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு உள்ளானது. தேர்வுகளைச் சிறப்பாக எழுதியும் அவருக்கு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்நிலையில் இருந்த எல்எம்எஸ் சான்றிதழே வழங்கப்பட்டது. மருத்துவப் பணியில் சேர இயலாத நிலையில், சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்தார். ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்திருந்ததும் அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது.

மனைவியை இந்தியாவில் விட்டுவிட்டு அமெரிக்கா சென்ற சுப்பாராவ், பாஸ்டன் நகரில் இரவு நேரங்களில் மருத்துவமனை ஊழியராகப் பணிபுரிந்தபடி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். அதன் பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து ஆய்வில் ஈடுபட்டார்.

இருவரும் 1925-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு முறை, சிறிதளவு பாஸ்பரஸைக்கூட நிறத்தின் மூலம் அளக்க வழிவகுத்தது. பரிசோதனைப் பொருளுடன் மாலிப்டேட் கரைசலையும் ஒடுக்கும் வேதிப்பொருளையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் எவ்வளவு கூடுதலோ, அந்த அளவுக்கு நீலமும் அடர்ந்திருக்கும்.

இரத்தக் கொழுப்பு குறித்த ஆராய்ச்சிக்கு இம்முறை பேருதவியாக அமைந்தது. நீரில் கரையாத கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் இரத்தத்தில் ஏந்திச் செல்லும் நுண்துகள்களின் மேலுறையில் பாஸ்போலிப்பிட்டுகள் உள்ளன. இரத்தத்தில் இருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அமிலத்துடன் சூடாக்கிச் சிதைத்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் வெளிப்படும். பாஸ்போலிப்பிட்டின் எடையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 4 சதவீதம் என்பதால், கிடைத்த அளவை 25-ஆல் பெருக்கினால் பாஸ்போலிப்பிட்டின் அளவு தெரியவரும். தற்போதைய வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது இடம்பெறாவிட்டாலும், ஆய்வகங்களில் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறையும் அதன் திருத்திய வடிவங்களும் நிலைபெற்றுவிட்டன.

தசைச் சாற்றை இம்முறையில் சோதித்தபோது நீல நிறம் வழக்கத்தைவிடத் தாமதமாகவே முழுமை பெற்றது. இதைச் சோதனையின் குறையாகக் கருதி ஒதுக்காமல் காரணத்தை ஆராய்ந்த இருவரும், 1927-இல் பாஸ்போகிரியேட்டின் எனும் சேர்மத்தைக் கண்டறிந்தனர். அமிலத்தில் அது மெல்லச் சிதைந்து பாஸ்பரஸை வெளியிட்டதே தாமதத்துக்குக் காரணம். செல்களின் ஆற்றல் நாணயமாகக் கருதப்படும் ஏடிபி எனும் சேர்மத்தை 1929-இல் அவர்கள் பிரித்தெடுத்தனர். அதே காலகட்டத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியே கண்டறிந்தார்.

இத்தகைய சாதனைகளுக்குப் பிறகும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாகாணத்தின் பேர்ல் ரிவர் நகரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

அவரது வழிகாட்டுதலில் இயங்கிய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். சகோதரரின் உயிரைப் பறித்த ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் மருந்தைக் கொண்டு, இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் தற்காலிக முன்னேற்றம் ஏற்படுவதை மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-இல் பதிவு செய்தார். இன்றளவும் பயன்படும் மெதோட்ரெக்ஸேட் இதே வகையைச் சேர்ந்தது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் ஆகியனவும் இவ்வாய்வகத்தில் இருந்தே வெளிவந்தன.

இரத்தக் கொழுப்பு ஆய்வுக்குக் கருவி தந்த சுப்பாராவ், 1948 ஆகஸ்டில் தமது 53-ஆவது வயதில் மாரடைப்பால் நியூயார்க்கில் காலமானார். அமெரிக்கக் குடியுரிமை பெறாமலும், ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமலும் அவரது வாழ்வு நிறைவுற்றது.

அவரது நூற்றாண்டையொட்டி 1995-ஆம் ஆண்டு இந்திய அரசு நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது. எம்பிபிஎஸ் பட்டம் மறுக்கப்பட்ட அவரது பெயர், இந்திய மருத்துவ மாணவர்களின் உயிர்வேதியியல் செய்முறை நூல்களில் ஃபிஸ்க்கின் பெயருடன் இணைந்து இன்றும் இடம்பெற்று வருகிறது.