திரும்பி வராத ஹேபர்ட் பாதர்

ஓகஸ்ட் 15 அன்று எங்கள் வீட்டில் இரண்டு விளக்குகள் ஏற்றுவோம். ஒன்று 1990இல் வீட்டிலிருந்து கொண்டு போகப்பட்ட என் அண்ணாவுக்கு. மற்றது எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஓர் அமெரிக்கருக்கு, யூஜின் ஹேபர்ட் அடிகளாருக்கு. நாங்கள் சைவக் குடும்பம். அண்ணா கூடைப்பந்து விளையாடியவன் என்பதால்தான் பாதரின் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அவர் 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஜெனிங்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில் முன்னர் பிரெஞ்சு இயேசு சபையினரே பணிசெய்தனர். அவர்களைத் தொடர்ந்து வந்தவர்கள்தான் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கர்கள். மட்டக்களப்பில் வெபர் மைதானத்தைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பெயருக்குரிய வெபர் அடிகளாரும் அவர்களில் ஒருவரே.

அவர்களின் மாநிலம் உதைபந்தாட்டப் பைத்தியம் பிடித்த மாநிலம். நாம் விளையாடும் உதைபந்தாட்டமல்ல. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். நியூ ஓர்லியன்ஸுக்கென்று தொழில்முறை அணி அமைந்தது 1966 நவம்பர் 1ஆம் திகதி. அன்று சகல புனிதர்கள் திருநாள். அணியின் பெயரும் செயின்ட்ஸ், அதாவது புனிதர்கள். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னரே ஹேபர்ட் பாதர் இங்கே வந்துவிட்டார். இங்கே அவர் பிள்ளைகளுக்குப் பழக்கியது கூடைப்பந்து. முதலில் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில், பின்னர் மட்டக்களப்பில்.

அந்தப் புனிதர்கள் அணி பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. 1980இல் 16 ஆட்டங்களில் 15இல் தோல்வி. ரசிகர்கள் வெட்கத்தில் தலையில் கடதாசிப் பைகளைக் கவிழ்த்துக்கொண்டு அரங்குக்கு வந்தார்களாம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட சாக்கு என்றால் நமக்கு ஞாபகம் வருவது தலையாட்டிதான்.

மட்டக்களப்பில் பாதர் ஒரு தொழில்நுட்ப நிலையத்தை நடத்தி, இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினார். சமாதானக் குழுவிலும் இருந்தார். பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பது அந்தக் காலத்தில் அலைந்தவர்களுக்குத் தெரியும்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம். தமிழ் இளைஞர்கள் பிடிக்கப்பட்டார்கள், திரும்பவில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாட்களில் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் நித்திரையில் வெட்டப்பட்டன, சுடப்பட்டன. பதிலுக்குத் தமிழர்களும் வீதிகளில் கொல்லப்பட்டார்கள். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நான் நம்புவதில்லை.

அந்த நாட்களில்தான் பாதர் வாழைச்சேனைக்குப் போனார். அங்கு அகப்பட்டிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவுவதற்காக. ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். தன் ஸ்கூட்டரில் ஒரு தமிழ்ப் பையனையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினார். சுமார் 30 கிலோமீற்றர் தூரம். ஏறாவூர்ப் பக்கத்தில் கண்டதுதான் கடைசி. அவருக்கு வயது 66. இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை.

அண்ணாவைக் கொண்டு போனது அடுத்த மாதம். விடிய நாலு மணி. காலில் செருப்பும் இல்லை. அம்மா பல ஆண்டுகள் ஆணைக்குழுக்களுக்கு முன் போய் நின்றாள். ஒருமுறை ஒரு விசாரணையில் மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரப் பாதருக்கே பதில் சொல்லாதவர்கள் தனக்கு என்ன சொல்லப் போகிறார்கள் என்று புலம்பினாள். திவசம் செய்ய மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. திவசம் செய்தால் தானே மகனைச் சாகடித்ததாகிவிடும் என்பது அவள் கணக்கு. விளக்கு வேறு, திவசம் வேறு. அதனால்தான் பாதரின் நாளில் அண்ணாவுக்கும் ஒரு விளக்கு.

2010 பெப்ரவரியில் புனிதர்கள் அணி முதன்முறையாக அமெரிக்கக் கிண்ணத்தை வென்றது. இங்கே அப்போது முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதர் எங்கே என்று அன்றும் எவரும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு ஆண்டுத் திவசம் செய்கிறேன். அண்ணாவுக்கு இன்னும் செய்யவில்லை.